ஐரோப்பிய இரவு ரயில்: சீட்டா, கூஷெட்டா, ஸ்லீப்பரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா போகத் திட்டம் போடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். பெரும்பாலும் ஆஸ்திரிய ரயில்வே ஓட்டும் நைட்ஜெட் ரயில்களை வைத்தே பேசியிருக்கிறேன். வியன்னா, சூரிச், மியூனிக், ஹாம்பர்க், ரோம், வெனிஸ் என்று நிறைய ஊர்களுக்கு ஓடுவது அதுதான். ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் இரவு ரயில்களை ஏறக்கட்டியபோது, அவற்றில் கணிசமானதை எடுத்துக்கொண்டு வளர்ந்த சேவை இது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்காட்லாந்து, பின்லாந்து பக்கம் கணக்கு வேறு. அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

மொத்தம் எத்தனை வகை?

அடிப்படையில் மூன்று. உட்கார்ந்து போகும் சீட். படுக்கப் பலகை மாதிரி பெர்த் உள்ள கூஷெட். மெத்தை, வாஷ்பேசின் எல்லாம் வைத்த ஸ்லீப்பர். புது ரயில்களில் இவற்றோடு மினி கேபின் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது.

புக்கிங் பக்கத்தைத் திறந்தால் இந்த மூன்றுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு விலை வரும். பார்த்து மலைக்க வேண்டாம். பெர்த்தின் அகலமும் மெத்தையின் பஞ்சும் வகைக்கு வகை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக ஒரு விஷயத்துக்கு: பூட்டிய கதவுக்கு உள்ளே உங்களோடு எத்தனை பேர் தூங்குகிறார்கள், அவர்கள் தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்பதற்கு. இதை முதலில் முடிவு பண்ணிவிட்டால் மீதி தானாக அமையும்.

நம்ம ஊர் தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி கணக்கில் சொல்லுங்களேன்.

ஆறு பேர் கூஷெட் என்பது தேர்ட் ஏசியில் எதிரெதிரே மூன்று மூன்றாக இருக்கும் அந்த ஆறு பெர்த்தேதான். சைட் பெர்த் கிடையாது. திரைச்சீலைக்குப் பதில் சுவரும் கதவும் உண்டு, உள்ளே பூட்டிக்கொள்ளலாம். நாலு பேர் கூஷெட்டில் மிடில் பெர்த் இருக்காது, அல்லது மடித்தே வைத்திருப்பார்கள். ஸ்லீப்பர் நம்ம ஃபர்ஸ்ட் ஏசி கூபேக்குக் கிட்டத்தில் வரும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவார்கள். நமக்கு ஸ்லீப்பர் என்றால் ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு போகும் மலிவான கிளாஸ். அங்கே ஸ்லீப்பர்தான் இருப்பதிலேயே உசத்தி, விலையும் அதற்கேற்றபடி. "சும்மா ஸ்லீப்பர் போதும்" என்று டிராவல் ஏஜென்டிடம் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து அதிர்ச்சியாக வேண்டாம். உங்கள் மனதில் இருப்பது கூஷெட்.

சீட்டிலேயே ராத்திரியை ஓட்டிவிட முடியாதா?

முடியும். கல்லூரி வயசு, தோளில் ஒரு பை, ஆறேழு மணி நேரப் பயணம் என்றால் தாராளமாக. "29.90 யூரோ முதல்" என்று நைட்ஜெட் விளம்பரங்களில் பல வருஷம் பார்த்த விலை இந்த சீட்டுக்கானதுதான்.

ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு எடுங்கள். பழைய கோச்சில் சீட் கம்பார்ட்மென்ட்டுக்கு ஆறு பேர், எதிரெதிரே. எதிரில் ஆள் இருந்தால் கால் நீட்ட முடியாது. நடு ராத்திரி ஒவ்வொரு நிலையத்திலும் யாராவது ஏறுவார்கள், விளக்கைப் போடுவார்கள், "இது என் சீட்" என்பார்கள். பிறகு திருட்டு. கூஷெட்டும் ஸ்லீப்பரும் உள்ள கோச்சில் ஒரு அட்டெண்டன்ட் இருப்பார். சீட் கோச்சில் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். போனும் பாஸ்போர்ட்டும் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், மேலே ரேக்கில் வைத்த பைக்குள் வேண்டாம்.

நாற்பது தாண்டியவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அடுத்த நாள் முழுக்க வெனிஸை அரைக்கண்ணோடு பார்ப்பீர்கள்.

கூஷெட் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆறு பேரா, நாலு பேரா?

காசு இருந்தால் நாலு. இல்லாவிட்டால் ஆறு, ஆனால் கண் திறந்து எடுங்கள்.

ஆறு பேர் கம்பார்ட்மென்ட்டில் எல்லாரும் ஏறும் அந்தப் பத்து நிமிஷத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்க பெர்த்துக்கும் நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடம். ஒருவர் ஏணியை மாட்டி மேலே ஏறுவார். ஏறி முடித்து அவர் பையை வாங்கும் வரை மற்ற ஐந்து பேரும் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். அடுத்தவர் தன் பெர்த்தில் விரிப்பைப் போடுவார். ஆமாம், கூஷெட்டில் படுக்கையை நீங்களேதான் விரிக்க வேண்டும்: தலையணை, போர்வை, துணி விரிப்பு மூன்றும் வைத்திருப்பார்கள். பிறகு எல்லாரும் போட்ட துணியோடே படுப்பார்கள். லுங்கிக்கோ நைட்டிக்கோ மாறுவதென்றால் டாய்லெட்டுக்குப் போய் மாறி வர வேண்டும், வரும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

மிடில் பெர்த்தைப் போட்ட பிறகு யாராலும் நிமிர்ந்து உட்கார முடியாது. இது தேர்ட் ஏசியில் பழகினதுதான். ஆனால் அங்கே சைட் லோயரில் போய்க் கொஞ்சம் உட்காரலாம். இங்கே அந்தப் போக்கிடமும் இல்லை. ஒருவர் படுக்க வேண்டும் என்றால் கம்பார்ட்மென்ட்டே படுத்துவிட வேண்டியதுதான். பெரும்பாலும் பத்து மணிக்குள் அப்படி ஆகிவிடும். ஐரோப்பியர்கள் இந்த விஷயத்தில் ஒழுங்கு. போனில் சத்தமாகப் பேசினால் முகத்திலேயே காட்டிவிடுவார்கள்.

நாலு பேர் கம்பார்ட்மென்ட்டில் இதெல்லாம் பாதியாகக் குறைகிறது. கீழே உட்கார்ந்து சாப்பிடலாம், தலை இடிக்காது, காலையில் முதுகு பேசாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம் இல்லாத நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

எந்த பெர்த் நல்லது? லோயர், மிடில், அப்பர்?

நைட்ஜெட்டில் புக் பண்ணும்போதே கேட்கலாம். கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ஜன்னல் வேண்டும் என்றால் லோயர். அப்பரில் படுத்தால் ஆல்ப்ஸும் தெரியாது, அரக்கோணமும் தெரியாது. ஜன்னலின் மேல் விளிம்பு உங்கள் கண்ணுக்குக் கீழே போய்விடும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போகிறவருக்கும் லோயர்தான்.

அப்பருக்கு வேறு ஒரு லாபம் உண்டு, பலருக்குத் தெரியாது. கதவுக்கு மேலே, தாழ்வாரத்தின் கூரைப் பக்கமாக, ஒரு பெரிய பரண் போகும். அப்பரில் இருப்பவர் கை நீட்டினால் எட்டும். நடுத்தரப் பெட்டி ஒன்றை அதில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தால், பெட்டிக்கு யார் வந்தாலும் உங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். யாரும் உங்கள் பெர்த்தில் உட்காரவும் மாட்டார்கள். ஏணி ஏற முடிந்தவருக்கு நான் அப்பரையே சொல்வேன். குளிர்காலத்தில் மட்டும் மேலே சூடு அதிகமாகத் தேங்கும்.

மிடில்: கிடைத்தால் படுங்கள், தேடிப்போக வேண்டாம்.

கோச்சின் நடுவில் உள்ள கம்பார்ட்மென்ட்டில் சத்தம் குறைவு. இரு கோடியிலும் சக்கரம் கீழே இருக்கும், டாய்லெட் கதவும் பக்கத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

தனியாகப் போகும் பெண். கூஷெட் எடுக்கலாமா?

எடுக்கலாம். சாதாரணக் கூஷெட்டில் நம்ம ஊர் மாதிரியே ஆண் பெண் கலந்துதான் போடுவார்கள். வேண்டாம் என்றால் நைட்ஜெட்டில் பெண்களுக்கு மட்டும் என்று தனிக் கம்பார்ட்மென்ட் உண்டு; புக்கிங்கில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சீக்கிரம் நிரம்பிவிடும். பிரான்ஸ் இரவு ரயில்களிலும் இந்த வசதி இருக்கிறது.

பகிர்ந்துகொள்ளும் ஸ்லீப்பரில் வேறு முறை: ஆண்களை ஆண்களோடும் பெண்களைப் பெண்களோடும்தான் போடுவார்கள். அதனால் கணவன் மனைவி போவதென்றால் இரண்டு பேர் அறையை முழுசாக எடுப்பதே வம்பில்லாதது.

கதவுப் பூட்டு பற்றி: உள்ளே இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருக்கும், ஒரு பூட்டு, அதோடு கதவைக் கொஞ்சம் மட்டும் திறக்கவிடும் ஒரு கொக்கி. பூட்டை வெளியிலிருந்து சாவியால் திறக்க முடியும், கொக்கியை முடியாது. இரண்டையும் போடுங்கள். கடைசியாக உள்ளே வருகிறவர் போட மறந்துவிடுவார், எழுந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பரில் சிங்கிள், டபுள், டிரிபிள் என்று மூன்று விலை வருகிறதே. அறை பெரிசாகுமா?

ஆகாது! பழைய நைட்ஜெட் கோச்சில் மூன்றும் ஒரே அறை. ஒரே பக்கச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கட்டில். எதிர்ச் சுவரோரம் வாஷ்பேசின். டபுளில் ஒரு கட்டிலை மடித்துவிடுவார்கள், சிங்கிளில் இரண்டை. இடம் அதே இடம்தான், விலை மட்டும் ஏறும். முதலில் சொன்ன கதவுக் கணக்கு இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

டிரிபிளில் மூன்று பெரியவர்கள் போவதைவிட நாலு பேர் கூஷெட் காற்றோட்டமாக இருக்கும். டிரிபிளின் நடுக் கட்டிலில் படுத்தவர் காலையில் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பணம் கொடுப்பதென்றால் டபுளுக்குக் கொடுங்கள்.

ஸ்லீப்பரில் கூடுதலாக வருவது: விரித்து வைத்த படுக்கை, துண்டு, செருப்பு, ஏறியதும் குடிக்க ஏதாவது, காலையில் கூஷெட்டைவிட நல்ல டிபன். பெரிய ஆஸ்திரிய நிலையங்களில் ரயில்வே லவுஞ்சில் உட்காரவும் விடுவார்கள். ராத்திரி பத்து மணி ரயிலுக்கு எட்டுக்கே வந்துவிட்டவர்களுக்கு, அதுவும் ஜனவரிக் குளிரில், இது பெரிய வசதி.

ஷவர் இருக்கிற அறை வாங்கலாமா?

பழைய கோச்சில் டீலக்ஸ் என்ற வகையில் மட்டும் அறைக்குள்ளேயே டாய்லெட்டும் ஷவரும் இருக்கும். 2023 டிசம்பர் முதல் ஓட ஆரம்பித்த புதிய தலைமுறை ரயில்களில் எல்லா ஸ்லீப்பர் அறைக்கும் உண்டு. குளியலறை என்று கற்பனை பண்ண வேண்டாம். திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு டப்பா. ஆனால் ஓடும் ரயிலில் வெந்நீரில் குளித்துவிட்டு நேராக ஊர் பார்க்க இறங்கலாம். காலையில் ஹோட்டல் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்ற நிலையில் இதற்குத் தனி மதிப்பு. ராத்திரி டாய்லெட்டுக்குத் தாழ்வாரத்தில் நடக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மினி கேபின் என்கிறார்களே, அது என்ன?

புதிய நைட்ஜெட்டில் ஒற்றை ஆளுக்கான அடைப்பு. கீழே ஒன்று, மேலே ஒன்றாக அடுக்கியிருக்கும். உள்ளே ஒரு மெத்தை, சின்ன மடக்கு மேஜை, கண்ணாடி, விளக்கு, ஜன்னல். இழுத்து மூடினால் நீங்களும் உங்கள் குறட்டையும் மட்டும். பூட்டுக்கு அட்டைச் சாவி. செருப்புக்கும் கைப்பைக்கும் பக்கத்திலேயே பூட்டும் பெட்டி உண்டு. பெரிய பெட்டியைக் கோச்சில் தனி இடத்தில் வைக்க வேண்டும், அது உங்கள் கண் பார்வையில் இருக்காது.

தனியாகப் போகிறவருக்கு, கூஷெட் விலையை ஒட்டிய காசில், பூட்டிய கதவுக்குள் ஒற்றை ஆளாகத் தூங்க இதைவிட்டால் வழி இல்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், தோள் அகலமானவர், மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர் மூவரும் தவிர்க்கவும். உள்ளே எழுந்து நிற்க முடியாது, புரண்டு படுப்பதே யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

வியன்னா–ஹாம்பர்க், இன்ஸ்புருக்–ஹாம்பர்க் தடங்களில்தான் இந்த ரயில் முதலில் வந்தது, பிறகு மற்ற தடங்களுக்கும் படிப்படியாக வருகிறது. உங்கள் தேதியில் எந்த ரயில் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி: புக்கிங்கில் மினி கேபின் என்று காட்டினால் புது ரயில், காட்டாவிட்டால் பழசு.

குழந்தைகளோடு குடும்பமாகப் போகிறோம். நாலு பேர்.

நாலு பேர் கூஷெட்டை முழுசாக எடுங்கள். புக்கிங்கில் தனிக் கம்பார்ட்மென்ட் என்று வரும். வெளி ஆள் யாரும் வர மாட்டார்கள், விளக்கை அணைப்பதும் போடுவதும் உங்கள் இஷ்டம், குழந்தை அழுதால் யாரும் உச்சுக் கொட்ட மாட்டார்கள். இரண்டு டபுள் ஸ்லீப்பரைவிடப் பல நாள் மலிவாகவும் முடியும், குடும்பம் ஒரே இடத்தில் இருக்கும். ஐந்து பேர், ஆறு பேர் என்றால் ஆறு பேர் கூஷெட்டை இதே போல மொத்தமாக எடுங்கள்; சொந்தக்காரர்களோடு போகும்போது அதன் நெருக்கடி ஒரு பொருட்டே இல்லை.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தனி பெர்த் இல்லாமல் உங்களோடு படுத்துக்கொண்டால் ஆஸ்திரிய ரயில்வே காசு வாங்குவதில்லை. நாலு வயதுப் பையனோடு ஒரு கூஷெட் பெர்த்தில் படுத்தால் நீங்கள் தூங்கப் போவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெர்த் அகலம் நம்ம ஊர் பெர்த் மாதிரிதான்.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறேன். சீனியர் சிட்டிசன் லோயர் பெர்த் கோட்டா மாதிரி ஏதாவது உண்டா?

இல்லை. நம்ம ஊரில் 60 வயது ஆணுக்கும் 45 வயது பெண்ணுக்கும் கம்ப்யூட்டரே பார்த்து லோயர் போட முயலும். அங்கே நீங்கள் கேட்டுக் காசு கட்டி வாங்குவதுதான். "தம்பி, கொஞ்சம் மாத்திக்கலாமா" என்று கேட்டால் மாற்றிக் கொடுக்கிற நல்லவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். நாலு பேர் கூஷெட்டில் இரண்டும் லோயர் என்று எடுத்துவிட்டால் எதிரெதிரே அம்மா அப்பா படுத்துக்கொள்ளலாம். டபுள் ஸ்லீப்பரில் ஒரு கட்டில்தான் கீழே இருக்கும், இன்னொருவர் ஏணி ஏறியே ஆக வேண்டும். வயசானவர்களுக்கு ஸ்லீப்பர்தான் உசத்தி என்று கண்மூடி எடுப்பவர்கள் இந்த ஏணியை மறந்துவிடுகிறார்கள்.

சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கு ஏற்ற கம்பார்ட்மென்ட் சில கோச்சுகளில் மட்டும் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லி வாங்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

விமான நிலையம் மாதிரி எடை போட மாட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் இடமே ஒரு அளவு வைத்துவிடும். லோயர் பெர்த்துக்கு அடியில் கொஞ்சம், அந்தப் பரணில் கொஞ்சம். சென்னையிலிருந்து ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி உருட்டிக்கொண்டு போய் ஆறு பேர் கூஷெட்டில் ஏறுவது மற்ற எல்லாருடைய சாபத்தையும் வாங்கும் வழி. சூரிச்சிலோ பாரிஸிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் பெரியதை அங்கே போட்டுவிட்டு, சின்னப் பெட்டியோடு கிளம்புங்கள்.

சாப்பாடு? நாங்கள் சுத்த சைவம்.

கூஷெட்டில் காலையில் இரண்டு பன், வெண்ணெய், ஜாம், காபி அல்லது டீ. சைவத்துக்குப் பிரச்சினை இல்லை. ஸ்லீப்பரில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் ஆறு ஐட்டம் இரவே குறித்துக் கொடுக்க வேண்டும். சீஸ், தயிர், பழம் என்று பார்த்துக் குறித்தால் வயிறு நிறையும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரயிலை நம்ப வேண்டாம். நைட்ஜெட்டில் தனி டைனிங் கார் இல்லை. அட்டெண்டன்ட் விற்கும் சில ஐட்டங்களில் சைவம் குறைவு. ஏறும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடை மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பது மட்டும் திறந்திருக்கும். புளியோதரை, சப்பாத்தி எல்லாம் தாராளமாகக் கொண்டுபோகலாம். பகிர்ந்த கம்பார்ட்மென்ட்டில் ஊறுகாய் பாட்டிலை மட்டும் திறக்காமல் இருங்கள். மூடிய அறை அது, ஜன்னலும் பல கோச்சில் திறக்காது.

வாஷ்பேசின் தண்ணீர் குடிக்க அல்ல. தண்ணீர் பாட்டில் தருவார்கள்.

டாய்லெட்டில் தண்ணீர்?

காகிதம்தான். காலி பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

நடு ராத்திரி எழுப்பி பாஸ்போர்ட் கேட்பார்களா?

ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது தங்களுக்கு இடையே எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்குள், பொதுவாக இல்லை. குரோஷியா 2023 ஜனவரியிலிருந்தும், ருமேனியா, பல்கேரியா தரை எல்லைகளில் 2025 ஜனவரியிலிருந்தும் இதற்குள் வந்துவிட்டதால், முன்பு எல்லையில் எல்லாரையும் எழுப்பிய புடாபெஸ்ட்–புக்கரெஸ்ட் மாதிரித் தடங்களிலும் வழக்கமான சோதனை போய்விட்டது.

ஆனாலும் திடீர்ச் சோதனை நடக்கும். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தற்காலிகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. போலீஸ் கதவைத் தட்டி டார்ச் அடித்தால் பதற வேண்டாம்; அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். போனில் இருக்கும் போட்டோ செல்லாது. பெட்டிக்குள் பூட்டி, பெட்டியைப் பரணில் போட்டு, அதன் முன்னால் இன்னொருவர் படுத்திருந்தால் அந்த இரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

யூரெயில் பாஸ் இருந்தால் பெர்த் இலவசமா?

இல்லை. பல நாட்டு ரயில்களில் ஏறவிடும் இந்த பாஸ் பயணத்துக்கு மட்டும்; படுக்கைக்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம். கூஷெட்டுக்குக் கொஞ்சம், ஸ்லீப்பருக்கு நிறைய. ஒரு நல்ல செய்தி: இரவு ரயில் ஏறும் தேதிதான் பயண நாளாகக் கழியும், மறுநாள் காலை இறங்கி வேறு ரயில் பிடிக்காதவரை இரண்டு நாள் போகாது. பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் சில ரயில்களில் முதலில் தீர்ந்துவிடும், பாஸ் வாங்கும் முன் பெர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது புக் பண்ணினால் மலிவு?

திறந்த உடனே. விமான டிக்கெட் மாதிரி நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். தட்கல், ஆர்ஏசி எதுவும் கிடையாது. நைட்ஜெட் பொதுவாக ஆறு மாதம் முன்பிருந்து விற்கும். ஐரோப்பா முழுக்க ரயில் நேர அட்டவணை டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் மாறும், அதற்குப் பிந்தைய தேதிகள் பல நேரம் தாமதமாகவே திறக்கும். கிறிஸ்துமஸ் பயணத்துக்கு ஆகஸ்டில் தேடி "ரயிலே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

கோச் மாறி ஏறினால் நடந்து போய்க்கொள்ளலாமா?

இரவு ரயிலில் இந்தப் பழக்கம் ஆபத்து. ஒரே ரயிலின் கோச்சுகள் ராத்திரி பிரிந்து வேறு வேறு நாட்டுக்குப் போகும். சால்ஸ்பர்க்கிலும் வில்லாக்கிலும் நடு ராத்திரி இஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு ரயிலின் கோச்சுகளைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். ரோம் போக வேண்டியவர் காலியாக இருக்கிறதே என்று அடுத்த கோச் சீட்டில் போய்த் தூங்கினால் வெனிஸில் கண் விழிக்கலாம். ஏறும் முன் கோச் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப் பெயரையும் எண்ணையும் பாருங்கள். ஜெர்மன் பேசும் ஊர்களில் ஷ்லாஃப்வாகன் என்றால் ஸ்லீப்பர், லீகெவாகன் என்றால் கூஷெட்.

அந்த மாட்டும் வேலையில் ஒரு குலுக்கல் வரும், பிறகு அசாத்திய அமைதி. சிலருக்குத் தூக்கம் கலைவதே அந்த அமைதியில்தான்.

மற்ற நாட்டு ரயில்கள்?

பிரான்ஸ்: ஸ்லீப்பரே கிடையாது. சாயும் சீட், ஆறு பேர் கூஷெட், முதல் வகுப்பு என்ற பெயரில் நாலு பேர் கூஷெட், அவ்வளவுதான். 2021 மே மாதம் மறுபடி ஓடத் தொடங்கிய பாரிஸ்–நீஸ் ரயில் பாரிஸ் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். இங்கே முதல் வகுப்பு எடுங்கள்.

ஸ்காட்லாந்து: லண்டன் யூஸ்டனிலிருந்து போகும் கலிடோனியன் ஸ்லீப்பரில் தெரியாதவரோடு அறை பகிரும் முறையே இல்லை. தனியாகப் போனாலும் அறை முழுக்க உங்களுக்கு, விலையும் அப்படி. வாஷ்பேசின் மட்டும் உள்ள அறை, டாய்லெட்–ஷவர் உள்ள அறை, இரட்டைக் கட்டில் அறை என்று வகை. ஃபோர்ட் வில்லியம் போகும் சீட் பயணிகள் எடின்பரோவில் விடியும் முன் எழுந்து கோச் மாற வேண்டியிருக்கும். அறை எடுத்தவர்கள் தூங்கலாம். பிரிட்டனுக்குத் தனி விசா என்பது நினைவிருக்கட்டும்.

பின்லாந்து: ஹெல்சின்கி–ரோவானியெமி ரயிலில் மாடி வைத்த கோச். மேல் தள அறைகளில் டாய்லெட்டும் ஷவரும் உண்டு, கீழ்த் தளத்தில் பொது. விலை பெர்த்துக்கு அல்ல, அறைக்கு. இரண்டு பேர் போனால் கணக்கு அழகாக இறங்கிவிடும்.

இத்தாலி பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லியே ஆக வேண்டும். ரோம், மிலான் பக்கமிருந்து சிசிலித் தீவுக்குப் போகும் இன்டர்சிட்டி நோட்டே ரயில் வில்லா சான் ஜொவான்னியில் நின்று, சில கோச்சுகள் கொண்ட துண்டுகளாகக் கழற்றப்பட்டு, தண்டவாளம் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் தள்ளப்படும். பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி, கடலைக் கடந்து, மெசினாவில் மறுபடி மாட்டுவார்கள். ஐரோப்பாவில் பயணிகள் ரயில் இன்னும் கப்பல் ஏறும் இடம் இதுதான். கம்பார்ட்மென்ட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலின் மேல் தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். திரும்பும்போது எந்தப் படிக்கட்டில் வந்தோம் என்பது மறக்கக் கூடாது, கீழே இருட்டில் எல்லாக் கோச்சும் ஒன்று போலத் தெரியும். இந்த ரயிலில் நாலு பேர் கூஷெட், அல்லது காசு இருந்தால் ஸ்லீப்பர். சீட் வேண்டாம், இரவு நீளம்.

ஹோட்டல் செலவு மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

கூஷெட் எடுத்தால் பெரும்பாலும் ஆமாம். சிங்கிள் ஸ்லீப்பர் எடுத்தால் பல நாள் இல்லை. விமானமும் ஹோட்டலும் சேர்ந்தே அதற்குள் அடங்கிவிடும். காலை ஐந்தரைக்கு இறக்கிவிடும் ரயிலில் உசத்தியான அறை எடுப்பதும் வீண். ஏறும் நேரம் பத்துக்குள், இறங்கும் நேரம் எட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் படுக்கைக்குக் கொடுத்த காசு படுக்கைக்குப் போகும். வியன்னா–வெனிஸ், சூரிச்–வியன்னா இரண்டும் அந்த வகையில் பொருத்தமானவை. வெனிஸ் ரயிலில் டிபனைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தாழ்வார ஜன்னலுக்கு வாருங்கள். கடைசியில் கடல் நடுவே போகும் நீளப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர்தான்.

நான் வாங்கிய ஸ்லீப்பர் கோச்சே வராவிட்டால்?

நடக்கும். கோச் பழுதாகி, அதற்குப் பதில் கூஷெட்டோ வெறும் சீட்டோ வந்து நிற்பது இரவு ரயில்களில் அரிது அல்ல. ஏறிப் போவதா வேண்டாமா என்று அப்போதே முடிவெடுங்கள். போனால், கீழ் வகையில் பயணம் செய்ததை அட்டெண்டன்ட்டிடம் டிக்கெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கோச்சையும் பெர்த்தையும் படம் எடுத்து வையுங்கள். விலை வித்தியாசத்தைத் திரும்பக் கேட்கலாம். தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய விதி தனி: ஒரு மணி நேரம் தாண்டினால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.